பாட்டிலில் பிறந்த செடி தாயைப் போல இல்லையா? அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் வழி

ஆயிரம் நாற்று நட்டதில் இருபது மட்டும் வேறு மாதிரி நிற்கும். பார்த்தவுடன் எல்லோரும் சொல்லும் ஒரே சொல் 'மியூட்டேஷன்'. அந்தச் சொல் விழுந்ததும் விசாரணை முடிந்துவிடும். வாங்கியவர் ஆய்வகத்தைத் திட்டுவார், ஆய்வகம் வெயிலைத் திட்டும், செடிகள் குப்பைக்குழிக்குப் போகும். காரணம் மட்டும் ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த தவணை நாற்றோடு திரும்பி வர.

திசு வளர்ப்பு வேலையில், அதாவது செடியின் சிறு துண்டைச் சத்தும் ஹார்மோனும் கலந்த ஊடகத்தில் பாட்டிலுக்குள் வளர்த்து நாற்றாக்கும் வேலையில், பல வருடம் கழித்தபின் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மரபு மாற்றம் என்று என்னிடம் வந்தவற்றில் பல, மரபோடு சம்பந்தமே இல்லாதவை. ஹார்மோன் மிச்சம், வைரஸ், இரும்புச்சத்துக் குறை, சில சமயம் மாறி ஒட்டிய லேபிள். உண்மையான மரபு மாற்றமும் வரத்தான் செய்யும். இரண்டையும் பிரித்தறியத்தான் இந்தக் குறிப்பு.

முதலில், பிடுங்காதீர்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டுத்தான் கீழே போக வேண்டும்.

வேறுபட்ட செடிகள் எங்கே நிற்கின்றன? வயலின் ஒரு மூலையில் கூட்டமாக நின்றால் மண், நீர், பூச்சி என்று தேடுங்கள். வயல் முழுக்கச் சிதறி நின்று, பதிவேட்டில் பார்த்தால் எல்லாம் ஒரே தாய்த்துண்டின் வம்சம் என்று தெரிந்தால் ஆய்வகத்தின் பக்கம் திரும்புங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

புதிதாக வரும் இலையிலும் அதே குறை தொடர்கிறதா? பாட்டிலிலிருந்து வெளியே வந்த செடி முதல் சில இலைகளில் பாட்டிலின் பழக்கத்தைக் காட்டும். பிறகு அது மறையும். கவெண்டிஷ் வாழை நாற்றின் இளம் இலைகளில் தெரியும் செம்பழுப்புத் திட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். வளர வளரத் தானாகப் போய்விடும். அதைப் பார்த்துப் பதறி ஒரு தட்டு நாற்றையே கொட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த தலைமுறைக்குப் போகிறதா? பக்கக் கன்றிலும் வந்தால் மாற்றம் ஓரளவு நிலையானது. விதையிலும் வந்தால் டிஎன்ஏவின் எழுத்தே மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கன்றில் தொடர்ந்து, விதையில் காணாமல் போனால், எழுத்து மாறாமல் அதன் மேலிருக்கும் வேதிக்குறி மட்டும் மாறியிருக்கலாம். மெத்திலேற்றம் என்பார்களே, அது.

இந்த மாறுபாடுகளுக்கெல்லாம் 'சோமாகுளோனல் மாறுபாடு' என்ற பொதுப்பெயரை 1981இல் லார்க்கினும் ஸ்கௌக்ராஃப்டும் வைத்தார்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பவை பல: ஓர் எழுத்து மாறுவது, குரோமோசோம் கூடுவது குறைவது, தூங்கிக்கொண்டிருந்த தாவும் மரபணுக்கள் விழிப்பது, மெத்தில் குறிகள் கழல்வது. நெல்லில் டாஸ்17 என்ற தாவும் துண்டு சாதாரண வளர்ச்சியில் அசையாமல் கிடக்கும். கால்லஸாக, அதாவது உருவமற்ற செல் திரளாக, வளர்த்தால் விழித்துக்கொண்டு, நாள் ஆக ஆகப் படிகளைப் பெருக்கும். 1996இல் ஜப்பானில் ஹிரோசிகா குழு இதைக் காட்டியது. கால்லஸில் நாள் கூடினால் ஆபத்தும் கூடும் என்று அனுபவத்தில் சொல்லிவந்ததற்கு மூலக்கூறு அளவில் கிடைத்த சான்றுகளில் இது ஒன்று.

லேபிள் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது

ஒவ்வொரு பாட்டிலிலும் வம்சம் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதும் முறை: கி7-த2-சு5-31. ஏழாவது தாய்ச்செடி, அதிலிருந்து எடுத்த இரண்டாவது துண்டு, ஐந்தாவது சப்கல்ச்சர் சுற்று (தளிரைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றுவது), முப்பத்தொன்றாவது பாட்டில். பின்குறிப்பாக, அது எந்தப் பாட்டிலிலிருந்து பிரிந்தது என்பது பதிவேட்டில். ஹார்டனிங் (பாட்டில் செடியை வெளிச்சூழலுக்குப் பழக்குவது) தட்டுக்குப் போகும்போது இந்தக் குறி கூடவே போக வேண்டும். பெரும்பாலான இடங்களில் சங்கிலி அறுபடுவது இங்கேதான். பாட்டிலைக் கழுவும்போது லேபிளும் கழுவப்பட்டுவிடும், நாற்றெல்லாம் ஒரே தட்டில் கலந்துவிடும்.

வம்சம் தெரிந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தளிர் மூன்றாகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்று முடிந்தால் 9 தளிர், நான்கில் 81, எட்டில் 6,561. இரண்டாம் சுற்றின் முடிவில் ஒரே ஒரு தளிர் மாறியிருந்தால் கடைசியில் அந்த வம்சத்தின் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 11 சதவீதம் மாறியிருக்கும். நான்காம் சுற்றில் மாறியிருந்தால் 1.2 சதவீதம். ஏழாம் சுற்றில் என்றால் இரண்டாயிரத்துக்கு ஒன்று, யார் கண்ணிலும் படாது. அப்படியானால் வயலில் தெரியும் வீதத்தைத் தலைகீழாகப் பிடித்து, கோளாறு எந்தச் சுற்றில் புகுந்தது என்று மதிப்பிடலாம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் இது கைகொடுத்தது. வாழையில் குட்டைச் செடிகள் என்று புகார். எண்ணியபோது ஒரே துண்டின் வம்சத்தில் 290 செடிக்கு 31 குட்டை. மற்ற துண்டுகளில் ஒன்றுகூட இல்லை. 31ஐ 290ஆல் வகுத்தால் ஒன்பதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது. பதிவேட்டைப் புரட்டினோம். அந்தத் துண்டுக்கு மட்டும் இரண்டாம் சுற்றில் தளிர் வரவில்லை என்று, தளிரைத் தூண்டும் ஹார்மோனான சைட்டோகைனினைக் கூட்டி வைத்திருந்தார்கள். தளிர் வந்தது, ஆனால் இலைக்கக்கத்து மொட்டிலிருந்து வரவில்லை. அடிப்பகுதியில் கட்டி போல் திரண்ட திசுவிலிருந்து முளைத்தது. அதை யாரோ பென்சிலில் 'அடியில் கொத்து' என்று குறித்து வைத்திருந்தார். அந்தப் பென்சில்காரருக்கு இன்றும் நன்றி.

இந்தக் கணக்கு தோராயமானது. மாறிய தளிர் மற்றவற்றைவிட வேகமாகவோ மெதுவாகவோ பெருகினால் வீதம் பொய் சொல்லும். ஆனாலும் 'தொடக்கத்திலா, கடைசியிலா' என்ற கேள்விக்கு இது போதும்.

இனி அறிகுறிகள்.

அறிகுறி: பாட்டிலிலேயே இலை கண்ணாடி போல், தொட்டால் நொறுங்குகிறது

மரபு மாற்றம் இல்லை. செடி தண்ணீரில் ஊறிப்போயிருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்து உள்ளே ஈரமும் எத்திலீனும் தேங்கியிருக்கும், அல்லது ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் குறைவாக இருக்கும், அல்லது சைட்டோகைனின் அதிகமாக இருக்கும். அகாரைக் கூட்டுங்கள், காற்றோட்ட மூடி போடுங்கள், ஹார்மோனைக் குறைத்து இரண்டு சுற்று பாருங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாதவற்றை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். ஹார்டனிங்கில் எப்படியும் செத்துப்போகும்.

அறிகுறி: ஹார்மோன் இல்லாத ஊடகத்திலும் தளிர் கொத்துக்கொத்தாகப் பெருகுகிறது, வேர் விடவில்லை

முதல் சுற்றில் இப்படி நடந்தால் பழைய ஊடகத்தின் ஹார்மோன் திசுவில் மிச்சமிருக்கிறது என்று பொருள். ஹார்மோனே இல்லாத ஊடகத்தில் இரண்டு சுற்று ஓட்டுங்கள். அப்போதும் நிற்காமல் பெருகினால் திசு ஹார்மோன் தேவையையே மறந்துவிட்டது. ஹாபிச்சுவேஷன் என்று சொல்வது இதைத்தான். புகையிலைத் திசுவில் பழைய ஆய்வுகளே காட்டியபடி, இது சில நேரம் திரும்பக்கூடிய மாற்றம்தான். ஆனால் வணிகப் பெருக்கத்தில் அந்த அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்க எவருக்கும் நேரமில்லை. அந்த வம்சத்தை நிறுத்துங்கள். 'வேகமாகப் பெருகுகிறதே' என்று ஆசைப்பட்டு அதையே முதன்மை வம்சமாக்குவது நான் பார்த்த தவறுகளிலேயே மோசமானது. பெருக்க வேகத்தைப் பார்த்து வம்சம் தேர்ந்தெடுப்பவர், தெரியாமலேயே மாறுபாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்.

வெளியே நட்ட செடியிலும் இந்த மிச்சம் தெரியும். திசு வளர்ப்பு ஸ்ட்ராபெரி முதல் பருவத்தில் ஓடுகொடியை அதிகமாக விட்டு, சிறிய பழமாகக் காய்க்கலாம். ஓடுகொடியில் வந்த மகள் செடிகளை நட்டு அடுத்த பருவம் பாருங்கள். பெரும்பாலும் வழக்கத்துக்கு வந்துவிடும்.

அறிகுறி: வெள்ளை நாற்று, வெளிர் நாற்று

முழுக்க வெள்ளையாக, பச்சை துளியும் இல்லாமல் வந்தால், அது எந்த வழியில் வந்த செடி என்று பாருங்கள். மகரந்தப்பை வளர்ப்பில் வந்த கோதுமை, பார்லி, நெல் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த முறையின் பிறவிக் குறையே அது. கோதுமையில் இப்படி வந்த வெள்ளைச் செடிகளின் பசுங்கணிக டிஎன்ஏவில் பெரும் துண்டுகள் காணாமல் போயிருந்ததை 1984இலேயே காட்டிவிட்டார்கள். இல்லாமல் போன மரபணுவை எந்த உரமும் திருப்பித் தராது.

இலை நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும், அதுவும் புது இலையில் மட்டும் என்றால் இரும்பைச் சந்தேகியுங்கள். திசு வளர்ப்பில் வழக்கமாகப் பயன்படும் எம்.எஸ். ஊடகத்தின் இரும்பு இடிடிஏ கரைசல் வெளிச்சத்தில் சிதையும். ஸ்டாக் பாட்டில் பழுப்பு நிறமா, எவ்வளவு நாளாக அலமாரியில் நிற்கிறது, அடியில் துரு நிறத்தில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கரைத்து ஒரு சுற்று வைத்தால் விடை தெரிந்துவிடும்.

பச்சையும் வெள்ளையும் பட்டைபட்டையாக வந்தால் கைமேரா. அதற்குத் தனியாகக் கீழே.

அறிகுறி: வாழை குட்டையாக நிற்கிறது

இதில்தான் பணமும் சண்டையும் அதிகம். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கவெண்டிஷ் வகையில் மிக அதிகமாகத் தெரியும் ஆஃப்-டைப் (தாயின் மாதிரியிலிருந்து விலகிய செடி) குட்டைதான். இலைக்காம்பு குட்டையாகும். இலை நீளத்தில் குறைந்து அகலத்தில் கூடும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி விசிறி மடித்தது போல் நிற்கும். தார் வெளியே வரும்போது கழுத்தில் சிக்கும். சீப்புகள் நெருங்கி, காய் சிறுத்துவிடும். ஆனால் குட்டையாக நிற்பதெல்லாம் குட்டை வகை ஆகிவிடாது.

முதலில் வைரஸை விலக்குங்கள். முடிக்கொத்து நோய் வந்த வாழையும் குட்டையாக, இலை நெருங்கி நிற்கும். காலை வெயிலுக்கு எதிரே இளம் இலையைப் பிடித்துக் கீழ்ப்புறம் பாருங்கள். நடுநரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தந்திக்குறி போல் இருந்தால், இலை விளிம்பு வெளிறி நிமிர்ந்து நின்றால், அது முடிக்கொத்து. அசுவினி வழியே பரவுவது. பிசிஆர் சோதனைக்கு அனுப்பிவிட்டு, காத்திருக்காமல் அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள். 'பிடுங்காதீர்கள்' என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. ஆஃப்-டைப் குட்டையில் இந்தக் கோடுகள் இருக்காது. இலை நல்ல பச்சையாக, ஆரோக்கியமாக, வெறும் குள்ளமாக இருக்கும். திசு வளர்ப்பு என்பதாலேயே வைரஸ் இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். தாய்ச்செடியைச் சோதிக்காமல் துண்டு எடுத்தால் வைரஸும் சேர்ந்தே பெருகும்.

அடுத்து வளர்ப்பை விலக்குங்கள். வேர் சுருண்ட நாற்று, ஆழமாக நட்ட நாற்று, நூற்புழு தாக்கிய நாற்று எல்லாம் வளர்ச்சி குன்றும். ஆனால் அவற்றின் இலை எல்லாப் பக்கமும் சமமாகச் சிறுக்கும். நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். வளர்ச்சி குன்றிய செடியில் அந்த விகிதம் நல்ல செடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆஃப்-டைப் குட்டையில் விகிதம் தெளிவாகக் குறையும். ஒரே வயதுள்ள, அதே வரிசைச் செடிகளின் மூன்றாம் இலையை அளந்தால் போதும். ஒரு ஸ்கேலும் நோட்டும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

நட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட நாற்றங்காலில் கண்டுபிடிப்பதே லாபம். ஜிப்ரெலிக் அமிலச் சோதனை அதற்குத்தான். இந்த ஹார்மோனைக் கொடுத்தால் சாதாரண வாழை நாற்று காம்பை நீட்டி உயரும். குட்டை வகை அவ்வளவாக அசையாது. 1990களில் ஆஸ்திரேலியாவில் கவெண்டிஷ் நாற்றுகளில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பாட்டிலிலும் செய்யலாம், தட்டிலும் தெளிக்கலாம். ஒரே நிபந்தனை: பக்கத்தில் உறுதியாகத் தெரிந்த நல்ல நாற்றும், உறுதியாகத் தெரிந்த குட்டை நாற்றும் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தெளித்துவிட்டு 'கொஞ்சம் நீண்டது மாதிரி இருக்கிறது' என்றால் அது சோதனை ஆகாது. தெளித்த நாற்றை விற்பனைக்குக் கலக்கவும் கூடாது. குட்டைக்கென்று டிஎன்ஏ மார்க்கரும் (அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டு) உண்டு. உங்கள் ரகத்தில் அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டே நம்புங்கள்.

எதுவும் இல்லாவிட்டாலும், ஏழெட்டு இலை வந்த நாற்றங்காலில் கண் பழகியவர் ஒருவர் வரிசையாக நடந்தாலே பெரும்பகுதி சிக்கிவிடும். அந்த நடைக்கு ஒதுக்கும் அரை நாளை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு ஒரு வருடம் பதில் சொல்கிறார்கள்.

உறுதியானால் என்ன செய்வது? வம்சக்குறி பாட்டில்வரை தெரிந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டலாம். துண்டுவரை மட்டுமே தெரிந்தால் துண்டின் முழு வம்சத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். இனிமேல் வராமலிருக்க மூன்று விஷயம்: தளிர் இலைக்கக்கத்து மொட்டிலிருந்து மட்டும் வரட்டும், அடியில் திரளும் கட்டியிலிருந்து வரும் தளிரைக் கத்தியால் ஒதுக்குங்கள். சுற்றுகளை 8 முதல் 10க்குள் நிறுத்திப் புதுத் துண்டு எடுங்கள். ஒரே துண்டிலிருந்து பல ஆயிரம் எடுக்காமல், பல துண்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மூன்றாவதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் நஷ்டத்துக்கு வரம்பு கட்டுவது அதுதான். பத்துத் துண்டில் ஒன்று கெட்டால் பத்தில் ஒரு பங்குதான் ஆபத்தில் சிக்கும்.

அறிகுறி: வாழை இலையில் மஞ்சள் கோடு, திட்டு, ரப்பர் போன்ற தடிப்பு

தடித்து, குறுகி, விளிம்பு நெளிந்து, வெளிர் திட்டுகளோடு ரப்பர் மாதிரி வளையும் இலை ஓர் ஆஃப்-டைப். பார்த்தால் வைரஸ் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும், சோதனையில் வைரஸ் இருக்காது. இதற்கு 'மொசைக்' என்றே பெயர் வைத்துவிட்டதால் வெள்ளரி மொசைக் வைரஸோடு குழப்பம் வேறு. சோதனை செய்யாமல் முடிவு சொல்லாதீர்கள்.

மஞ்சள் கோடுகள் போகப்போகக் கருகி, ஒரு பருவத்தில் வந்து மறு பருவத்தில் மறைந்தால் வாழைக் கோட்டு வைரஸாக இருக்கலாம். இங்கே ஒரு விநோதம். காட்டு வாழை முன்னோர்களில் ஒன்றான பால்பிசியானாவின் மரபுத்தொகுதியில், அதாவது பி ஜீனோமில், இந்த வைரஸின் டிஎன்ஏவே தைக்கப்பட்டுக் கிடக்கிறது. சில கலப்பினங்களில் திசு வளர்ப்பின் அழுத்தம் அதை எழுப்பி உயிருள்ள வைரஸாக்கிவிடுகிறது. தாய்ச்செடி சுத்தம், ஆய்வகம் சுத்தம், அசுவினியோ மாவுப்பூச்சியோ கிடையாது, ஆனாலும் வைரஸ் வரும். பி ஜீனோம் உள்ள கலப்பினமாக இருந்தால் இந்தச் சாத்தியத்தை மனதில் வையுங்கள். தாயை மட்டும் சோதித்தால் போதாது, ஹார்டனிங் முடிந்த நாற்றிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். கவெண்டிஷில் ஏ ஜீனோம் மட்டுமே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: செடி நன்றாக இருக்கிறது, பூவும் காயும்தான் வேறு

மிகக் கொடுமையானது இதுதான். வருடக்கணக்கில் வளர்த்த பிறகே தெரியும்.

எண்ணெய்ப்பனையின் கதை இந்தத் துறைக்கே பாடம். நல்ல மரத்தைத் திசு வளர்ப்பில் பெருக்கி நட்டார்கள். மரம் செழித்தது. நட்டு இரண்டு மூன்று வருடம் கழித்துப் பூத்தபோது, பூவில் ஆண் உறுப்பாக வரவேண்டியவை சூலகம் போல் உருமாறியிருந்தன. காயைச் சுற்றிப் போர்வை போர்த்தியது போல் கூடுதல் சதை. 'மேன்டில்டு' என்று பெயர். கடுமையான மரங்களில் காய் பிடிக்காமலே போனது. 1980களில் இது தெரியவந்து, எண்ணெய்ப்பனைக் குளோன் முயற்சியே தடுமாறியது. டிஎன்ஏ எழுத்தை எவ்வளவு ஒப்பிட்டாலும் வித்தியாசம் சிக்கவில்லை. சில மரங்கள் சில வருடத்தில் தானாகச் சரியானது குழப்பத்தை இன்னும் கூட்டியது.

2015இல் மலேசியப் பாமாயில் வாரியத்தின் தலைமையிலான குழு விடை கண்டது. பூ உறுப்புகளின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் நடுவே 'கர்மா' என்ற தாவும் துண்டு படுத்திருக்கிறது. அதன்மேல் மெத்தில் குறிகள் இருக்கும்வரை அமைதி. திசு வளர்ப்பில் குறி கழன்றால் மரபணுவின் செய்தி தவறாக வெட்டப்படும், பூ கெடும். குறி கழன்றதற்கு 'கெட்ட கர்மா', இருப்பதற்கு 'நல்ல கர்மா' என்றே பெயரிட்டார்கள். நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்கச் சிரமமே இருக்காது.

இதிலிருந்து பிழை தேடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது: பூ, காய் மாறி, டிஎன்ஏ மார்க்கர் எல்லாம் ஒரே மாதிரி என்று வந்தால் மெத்திலேற்றச் சோதனை கேளுங்கள். எண்ணெய்ப்பனையில் இப்போது நாற்றுப் பருவத்திலேயே இலைத் துணுக்கைக் கொண்டு கர்மாவின் நிலையைப் பார்க்க வழி இருக்கிறது. அப்படிச் சோதனை இல்லாத பயிரில் வழி ஒன்றுதான். ஒவ்வொரு வம்சத்திலிருந்தும் சில செடிகளை முன்கூட்டியே நட்டுக் காய் பார்த்துவிட்டுத்தான் பெருமளவு பெருக்கத்துக்குப் போக வேண்டும்.

அறிகுறி: செடிக்குச் செடி வேறு, இலை தடிப்பு, விதை பிடிப்பதில்லை

குரோமோசோம் எண்ணிக்கையைப் பாருங்கள். கால்லஸ் வழியாகவோ, செல்சுவர் நீக்கிய தனிச்செல் வழியாகவோ வந்த செடிகளில் இது சாதாரணம். உருளைக்கிழங்கில் 48 இருக்க வேண்டும். அதற்குக் கூடுதலாகவும் குறைவாகவும் கொண்ட செடிகள் தனிச்செல் வழியில் நிறையவே வந்திருக்கின்றன.

செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தால் ஒரு துண்டு இலை போதும். இல்லாவிட்டால் இதைச் செய்யுங்கள்: இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப் ஒட்டி உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். குரோமோசோம் தொகுதி இரட்டித்த செடியில் இலைத்துளைகள் பெரிதாகவும், அதே பரப்பில் எண்ணிக்கை குறைவாகவும் தெரியும். ஒரே வயது, ஒரே இடத்து இலையை நல்ல செடியோடு ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு குரோமோசோம் மட்டும் கூடிக் குறைந்ததை இது காட்டாது. தொகுதி மொத்தமாக இரட்டித்ததை மட்டுமே காட்டும்.

அறிகுறி: முள்ளில்லாத ரகத்தில் முள், வரி இலை ரகத்தில் வெறும் பச்சை

புதிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. தாயே இரண்டு திசுக்களின் கூட்டு, அதாவது கைமேரா. தண்டின் நுனியில் அடுக்கடுக்காகச் செல்கள் இருக்கும். மேலடுக்கு ஒரு மரபு, உள்ளடுக்கு வேறு மரபு. ஒரே அடுக்கின் செல்லிலிருந்து புதுத் தளிர் முளைத்தால் கூட்டு கலைந்துவிடும். முள்ளில்லாத ப்ளாக்பெரி வகை ஒன்றில், வேரிலிருந்து வந்த தளிர் முள்ளோடு வந்தது இதனால்தான். வேர் உள்ளடுக்கிலிருந்து தோன்றுவது. இப்படிப்பட்ட ரகங்களை ஏற்கெனவே இருக்கும் மொட்டு வழியாக மட்டுமே பெருக்குங்கள். அதிலும் ஒன்றிரண்டு கலையும் என்று முன்கூட்டியே சொல்லி விற்பது நல்லது.

அறிகுறி: எல்லாச் செடியும் ஒரே மாதிரி, ஆனால் கேட்ட ரகம் இல்லை

லேபிள். தொண்ணூறு வரிக்கு விளக்கம் தேட வேண்டாம். திசு வளர்ப்பு மாறுபாடு ஒரு வம்சம் முழுவதையும் அச்சில் வார்த்தது போல் மாற்றுவது அரிது. தாய்ச்செடி நின்ற இடத்துக்குப் போய், அங்கே உண்மையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: 'தாயோடு ஒத்துப்போகிறது' என்று சான்றிதழ், வயலில் வித்தியாசம்

சான்றிதழ் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எதைப் பார்த்தது என்பதுதான் கேள்வி. டிஎன்ஏவை ஒப்பிடும் ஆர்ஏபிடி சோதனையில் 20 ப்ரைமர் (டிஎன்ஏவில் ஒட்டிப் படியெடுப்பைத் தொடங்கும் குட்டித் துணுக்கு), ஒவ்வொன்றுக்கும் 8 பட்டை (படியெடுத்த துண்டு கோடாகத் தெரிவது), பட்டைக்கு ஆயிரம் எழுத்து என்று தாராளமாகவே வைத்தாலும் 1.6 லட்சம் எழுத்துதான். 2012இல் வெளியான வாழை ஜீனோம் ஏறக்குறைய 52 கோடி எழுத்து. மூவாயிரத்தில் ஒரு பங்குகூடத் தொடவில்லை, தொட்டதிலும் ஓரெழுத்து மாற்றம் பெரும்பாலும் பட்டையில் தெரியாது. மெத்தில் குறியோ சுத்தமாகத் தெரியாது. அந்தச் சோதனை ரகக் கலப்பைப் பிடிக்க உதவும், பெரிய சேதத்தைக் காட்டும். குட்டை வாழைக்கு நாற்றங்கால் நடையை ஈடு செய்யாது. எத்தனை செடியில் மாதிரி எடுத்தார்கள், எந்த வம்சத்தில், எந்தச் சுற்றில் என்று கேளுங்கள். ஐந்து செடியில் எடுத்து ஐயாயிரத்துக்குச் சான்று என்றால், நூற்றுக்கு ஒன்று வரும் கோளாறு அந்த ஐந்தில் சிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.

எப்போது தூக்கிப்போடக் கூடாது

மாறிய செடி எல்லாம் குப்பை என்று முடிவு கட்ட முடியாது. ஃபியூசேரியம் வாடல் நோயின் நான்காம் இனம் கவெண்டிஷ் தோட்டங்களைச் சாய்த்தபோது, தைவான் வாழை ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்பு நாற்றுகளை நோய் மண்ணிலேயே நட்டு, பிழைத்தவற்றைத் தேடியது. பிழைத்தவற்றில் பல வேறு விதத்தில் உதவாதவை. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சலித்துத்தான் ஃபோர்மோசானா என்று அழைக்கப்படும் ஜிசிடிசிவி-218 போன்ற தாங்குதிறன் உள்ள வகைகள் கிடைத்தன. அதற்கும் முன்பே ஹவாயில் கரும்புக் கால்லஸிலிருந்து வந்த செடிகளில் நோய் தாங்குபவற்றைத் தேடியிருக்கிறார்கள்.

நீங்களும் ஒன்றை வைத்துக்கொள்ள நினைத்தால் விற்பனை வரிசையிலிருந்து தனியே பிரித்து நடுங்கள். குறைந்தது இரண்டு கன்றுத் தலைமுறை அது நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்தால் மறுபடி பாட்டிலுக்குள் கொண்டுபோய், வெளியே வரும்போதும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். ஆசை காட்டியவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பழையபடி திரும்பும்.

மேலே சொன்ன 31 குட்டைகளில் மூன்றை ஓரத்துப் பாத்தியில் விட்டுவைத்தோம், 'கி7-த2-கு' என்று பலகை குத்தி. ஜிப்ரெலிக் அமிலத்துக்கு அசையவில்லை. கன்றும் குட்டை, கன்றின் கன்றும் குட்டை. தார் சிறுத்து, சீப்பு நெருங்கி, விற்க ஒன்றுமில்லை. ஆனால் இப்போது புது வம்சத்துக்குச் சோதனை வைக்கும்போதெல்லாம், உறுதியாகத் தெரிந்த குட்டை நாற்று வேண்டுமென்றால் அந்தப் பாத்தியிலிருந்துதான் எடுக்கிறோம்.